இரண்டங்குலப் பலா

கிரானைட் போட்டால் கேள்வியே இல்லை
என்றார் குணசீலன்.
எனக்குக் கேள்வி வேண்டியிருந்தது.

செவ்வாய்ப்பேட்டை மர டெப்போவில்
பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தேன்.
சில்வர் ஓக் மலிவு, நகம் பட்டாலே பள்ளம்.
தேக்கின் விலையைக் கேட்டுவிட்டு
தண்ணீர் கேட்டேன்.
கடைசியில் பலா:
மஞ்சள் கரைத்த நிறம்.
இனி மஞ்சள் சிந்தினால் யாருக்குத் தெரியும்?

ஏற்காட்டின் இருபது வளைவும்
டெம்போவில் அதன் மேல் உட்கார்ந்தே ஏறினேன்.
'பனி குடிச்சு வீங்கும்மா' என்று
சுவரோரம் கால் அங்குலம் விட்டார் சவரிமுத்து.
அந்தச் சந்தில் இப்போது
ஒரு வருஷத்துக் கடுகு.

தேங்காய் எண்ணெய் தடவி
வாரம் முழுக்கக் காறல் வாடை.
பிறகுதான் ஆளிவிதை எண்ணெய், மாதம் ஒருமுறை.
துடைத்த துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது,
தானே பற்றிக்கொள்ளும்;
கொடியில் விரித்துப் போடுகிறேன்.
சிங்க் ஓரம் மட்டும் என்ன செய்தாலும் கறுக்கிறது.

ஐப்பசியில் கரண்ட் போன ஓர் இரவு
குக்கரை இறக்கி நேராக மரத்தில் வைத்தார்.
விடிந்தால் கறுப்பு வளையம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.
எண்பதாம் நம்பர் உப்புத்தாள் வாங்கி வந்து
ஞாயிறு முழுக்கத் தேய்த்தார்.
வளையம் போயிற்று.
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி வந்தது.

இன்று காலை
விளிம்பை நோக்கி உருண்ட முட்டை
அங்கே போய் நின்றது.
இரண்டு பேரும் பார்த்தோம்.
'கிரானைட்டா இருந்தா...' என்று தொடங்கியவர்
வெங்காயம் உரிக்கப் போனார்.