இரண்டு பொறி

லாயாங் லாயாங் என்றால் பட்டம்.
அதைச் சொல்லி எங்களைக் கேலி செய்யாத
சாப்பாட்டுக் கடை இந்த ஊரில் இல்லை.
ஆலைக்குப் பின்னால், காலியான உரக் கொட்டகையில்
நிற்கிறது எங்கள் விமானம், இறக்கைகள் இல்லாமல்.
இறக்கைகள் ஜெரால்டு வீட்டு வரவேற்பறையில்.
மழை நாட்களில் அவன் தங்கை
அவற்றின்மேல் சீருடை காயப் போடுகிறாள்.

எஞ்சின், குளுவாங் பழைய இரும்புக் கடையில்
கிலோ கணக்கில் வாங்கிய வோக்ஸ்வேகன்.
நான்கு சிலிண்டர், ஆளுக்கு இரண்டு பிளக் துளை.
பொறி எங்கிருந்து வரும் என்பதில்தான்
மூன்று மாதமாகச் சண்டை.

நான் மேக்னெட்டோ கட்சி.
ஆலையில் வயர்மேன், பத்தொன்பது வருஷம்.
பேட்டரிகள் என்னிடம் சொன்ன பொய்களை எழுதினால்
பேரேடு போதாது.
மேக்னெட்டோ யாரிடமும் கையேந்தாது.
சுற்றிவிட்டால் போதும்,
தன் காந்தத்திலிருந்தே தீயைக் கறந்து தரும்.

"அந்தக் கனத்தைத் தூக்கிப் போய்
மேகத்துக்குக் காட்டப் போறியா?"
ஜெரால்டு, செனாய் தொழிற்சாலையில்
சர்க்கிட் போர்டு சோதிப்பவன்.
அவன் பெட்டி சோப்பு டப்பா அளவு.
வேகத்துக்கேற்பப் பொறியை முன்னே பின்னே நகர்த்தும்,
ஈர விடியலிலும் முதல் சுற்றில் பிடிக்கும்,
எண்ணெய் மிச்சம்.
"உன்னுது ஒரே பதிலை மனப்பாடம் பண்ணின பையன்,
எதைக் கேட்டாலும் இருபத்தெட்டு டிகிரி."

கோமளா சாப்பாட்டுக் கேரியரை இறக்கினாள்.
டயாலிசிஸ் மையத்தில் தாதி.
இரண்டாவது இருக்கை அவளுடையது.
"செத்தா எப்படிச் சாகும்?"
எது?
"ரெண்டும்தான்."

மேக்னெட்டோ பெரும்பாலும்
முனகும், சூட்டில் இருமும், பிறகுதான் போகும்.
ஜெரால்டு தரையைப் பார்த்துச் சொன்னான்:
பேட்டரி போனால் பெட்டி,
விளக்கை அணைத்த மாதிரி.

"எங்க மெஷின்லயும் பேட்டரி இருக்கு.
கரண்டு போனா இருபது நிமிஷம்.
வெளியே நிக்கிற ரத்தத்தை
உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க மட்டும்.
உங்களுக்குத் தரைக்கு வர எவ்வளவு வேணும்?"

யாரும் கணக்குப் பார்த்திருக்கவில்லை.
பிளக் அட்டையின் பின்னால் எழுதினோம்:
ஆயிரத்தைந்நூறு அடி, கீழே செம்பனை,
செம்பனை முடிந்தால் மின்கம்பி.
சறுக்கி இறங்க மூன்று நிமிஷம் தேறாது.
மீன் குழம்பில் ஆடை படிந்தது.

கீழ் வரிசைக்கு மேக்னெட்டோ, மேல் வரிசைக்குப் பெட்டி.
என் மோட்டார் சைக்கிள் போனது.
அவன் போனஸ் போனது.
அனுமதிக் கடிதம் இன்னும் புத்ராஜெயாவில் தூங்குகிறது.

சனிக்கிழமை, எஞ்சினை இரும்புச் சட்டத்தில் கட்டி,
ஓடவிட்டு, மேக்னெட்டோவை அணைத்தோம்.
எழுபது சுற்று குறைந்தது.
அதைப் போட்டு, பெட்டியை அணைத்தோம்.
நூற்றுப் பத்து.
அந்த நாற்பதை ஜெரால்டு
இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான்.

கோமளா முள்ளைப் பார்க்கவில்லை.
கண்ணை மூடி, "மறுபடி" என்றாள்.
ஒன்று. மற்றது. மறுபடி.
ஏழாவது தடவை நாங்கள் ஏமாற்றினோம்,
எதையும் அணைக்கவில்லை.
"ரெண்டும் இருக்கு" என்றாள், கண் திறக்காமல்.

ஆலைச் சங்கு ஊதியது. அவளுக்கு மதிய ஷிப்டு.
தன் பழைய கப்சாயை உதைத்தாள்.
நாலாவது உதையில்தான் பிடித்தது.