குறுக்கே பதினேழு

ஹல் நகரத்தில் ஜனவரி ஏழு மணிக்கு இருட்டு.
விவாகரத்தில் டெஸ்மண்ட் படகை எடுத்துக்கொண்டான்,
நான் நாயை.
குறுக்கெழுத்தை மட்டும்
எந்த வக்கீலும் பிரித்துத் தரவில்லை.

"குறுக்கே பதினேழு" என்றேன் போனில்.
"கிழக்கே அந்த ராணி, ஒரு நம்பர். ஐந்து எழுத்து.
விடை வேண்டாம், வழியைச் சொல்."

தேநீரை உறிஞ்சும் சத்தம். வேண்டுமென்றே.
"கிழக்குக்குத் தலையெழுத்து போதும், இ.
'தி' அப்படியே நிற்கட்டும், அது மூன்று.
ராணி கையெழுத்துப் போடுவது ஒற்றை ஆர்."

ஈதர்.

"அது எண் இல்லையே, டெஸ்."
"எண் என்று யார் சொன்னது?
நடுவில் இருக்கும் 'பி'யை விழுங்கிவிட்டுப் படி.
நம்மர்.
மரத்துப்போகச் செய்வது."

இருபத்தெட்டு வருடம்
அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்தவள் நான்.
எனக்கா தெரியவில்லை!
அவன் சிரித்த சிரிப்புக்கு
நாய் எழுந்து போனை முகர்ந்தது.

பென்சிலால் நிரப்பினேன்.
ஜன்னலுக்கு வெளியே ஹம்பர்,
சேற்று நிறத்தில், மெல்ல வெளுத்துக்கொண்டு.

முகமூடியை வைக்கும்போது
ஒவ்வொருவரிடமும் சொல்வேன்:
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.
ஏழைத் தாண்டியவர் யாரும் நினைவில் இல்லை.
எண்ணும் மரப்பும் ஒரே மூச்சில்தான் இருந்திருக்கின்றன,
நான்தான் கேட்கவில்லை.

"க்வெண்டா, லைனில் இருக்கிறாயா?"

இருந்தேன்.
ஆறில்.