மைனஸ் நாற்பது

இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை
ஆஸ்பத்திரி எனக்குத் தந்த அவகாசம்.
ரெஜைனாவில் வெளியே மைனஸ் முப்பத்தாறு;
காரின் வயரைப் பார்க்கிங் கம்பத்தில் செருகிவிட்டு வந்தேன்,
எஞ்சின் உறையாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும்.

நிலவறையில் முகத்துக்கு நேரே குளிர்காற்று,
ஸ்விட்சின் முதுகுப்புறம் மட்டும் சித்திரை வெயில்.
கையுறையைக் கழற்றி அங்கேதான் குளிர்காய்ந்தேன்.
நடுங்கும் விரல் கண்ணாடி இழைக்கு ஆகாது.
எனக்குக் காவலாக வந்த லொரேன்
கதவோரக் கதிரையில் காலுறை பின்னுகிறாள்.

மாட்யூல் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம்,
உள்ளங்கையில் ஒரு முட்டைக் கனம்.
நூறு கிகா என்று ஒட்டியிருக்கிறது.
ஸ்விட்ச் கம்பனியின் சொந்தச் சரக்கென்றால்
என் நான்கு மாத வாடகை.
இது வேறு கம்பனி, அரை மாதத்தில் முடிந்தது;
கொள்முதல் பிரிவில் யாரோ இதற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்.

தூசிமூடியை எடுத்தேன். இழைமுனையைத் துடைத்தேன்.
துடைப்பான் டிக் என்றது. சந்தேகத்துக்கு இன்னொரு டிக்.
உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது:
அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது,
கண்ணைச் சுட்ட பிறகும் தெரியாது.

இருபத்தேழாம் போர்ட். தள்ளினேன்.
சின்னப் பூட்டு விழும் சத்தம்.
திரையில் வரி வந்தது:
அங்கீகரிக்கப்படாத மாட்யூல். போர்ட் மூடப்பட்டது.

தாளில் எல்லாம் சரி. அதே அலைநீளம், அதே வேகம்,
பத்துக் கிலோமீற்றர் போகிற அதே வெளிச்சம்.
அதன் ஞாபகத்தில் பொறித்திருக்கும்
பிறந்த வீட்டின் பெயர்தான் பிழை.

இப்படியொரு வசனம் எனக்கும் வந்திருக்கிறது,
தடித்த தாளில், வாழ்த்துகளோடு,
பேராதனைச் சான்றிதழின் பிரதியைப் பின்னால் குத்தி.

கல்கரியிலிருந்து போனில் கைல் கொட்டாவி விட்டான்.
"அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. கையேட்டில் போடமாட்டார்கள்.
எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், அடி."
அடித்தேன். இயந்திரம் கடைசியாகக் கேட்டது:
கோளாறு வந்தால் நாங்கள் பொறுப்பில்லை, சம்மதமா?
ஓம் என்பதற்கு அங்கே ஒற்றை எழுத்து.

போர்ட் திறந்தது. ஒளி வரவில்லை.
வந்துசேர்ந்த அளவு மைனஸ் நாற்பது;
முழு இருட்டுக்கு இந்த ஸ்விட்ச் வைத்திருக்கும் எண்.
வெளியைவிட நான்கு பாகை குளிர், என்று சிரித்தேன்.
அது வேறு அளவுகோல் என்றான் கைல்.

மூன்று மணி ஐந்து. சிரிப்பு நின்றது.
நான்காம் மாடியின் ஸ்கேன் படங்களெல்லாம்
பழைய ஒடுங்கிய பாதையில் வரிசையில் நிற்கின்றன.

இழை இரண்டு. ஒன்று சொல்ல, ஒன்று கேட்க.
தெருவுக்கு அப்பால் ஆய்வுகூடத்திலும் இரண்டு.
யாரோ, எந்தப் பனிக்காலத்திலோ,
வாயை வாயோடு கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்:
இரண்டு பக்கமும் ஓயாமல் கதைத்து,
இரண்டு பக்கமும் செவிடாக.
கவ்வியைக் கழற்றி இடம் மாற்றிச் செருகினேன்.
மைனஸ் மூன்று புள்ளி ஒன்று.

ஆனாலும் பச்சை எரியவில்லை.
வெளிச்சம் வருகிறது, பேச்சு விளங்கவில்லை.
அந்தப் பக்கத்தில் பிழைதிருத்தி ஓடுகிறது, இங்கே இல்லை.
இங்கிருந்தே அங்கே நுழைந்து அதை நிறுத்தினேன்.

பச்சை.

லொரேன் ஊசியை நிறுத்தி நிமிர்ந்தாள்.
"முடிந்ததா? ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே."
"தெரிந்தால்தான் எனக்குப் பிரச்சினை" என்றேன்.

மடிக்கணினியை மூடப்போன கை பாதியில் நின்றது.
சேமிக்கவில்லை.
அடுத்த மின்வெட்டில் அந்த மறைகட்டளை அழிந்து
போர்ட் மறுபடி இதை யாரென்று கேட்கும்.
சேமித்தேன். சேமித்ததை ஒருமுறை வாசித்தும் பார்த்தேன்.

வெளியே வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன்,
ரப்பர் கம்பிபோல் விறைத்திருந்தது.
சாவி தேடிய விரலில் வந்தது தூசிமூடி.