லைன் கிளியர்

புயல் போய்ப் பதினோராம் நாள்.
தாழங்குடா போகும் வழியில்
சவுக்கெல்லாம் ஒரே பக்கமாய்ப் படுத்துக் கிடக்கிறது.
கம்பம் நட்டாயிற்று, கம்பி இழுத்தாயிற்று,
இனி ஒருவன் ஏற வேண்டும்.
ஜே.இ. எல்லார் முகத்தையும் பார்க்கிறார்,
என் முகத்தைத் தவிர.

ஐந்தாம் நாள் செம்மண்டலத்தில் பரசுராமன் ஏறினான்.
முறைப்படி எல்.சி. வாங்கியிருந்தோம்.
சப்ஸ்டேஷனிலிருந்து குரல் வந்தது:
லைன் கிளியர்.
எங்கோ ஒரு பேக்கரியில்
கேக் கெட்டுவிடக் கூடாதென்று யாரோ
ஜெனரேட்டரைத் தட்டிவிட்டார்கள்.
ரிட்டர்ன்.

எர்த் ராடு லாரியிலேயே கிடந்தது.
எடுத்து மாட்ட வேண்டியவன் நான்.
டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
இஞ்சி டீ. சர்க்கரை கம்மி.
விசாரணையில் யாரும் டீயைப் பற்றிக் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி லீதியாளிடம் சொன்னேன்.
அவள் அழவில்லை. திட்டவுமில்லை.
கொசுவர்த்தியை நகர்த்தி வைத்தாள்.
வெகுநேரம் கழித்து,
"பரசு வீட்ல போய் இதைச் சொல்லணும் நீ."
"சொல்றேன்."
"நாளைக்குப் போஸ்ட் ஏறுவியா?"
"மெடிக்கல் லீவு எழுதி வெச்சிருக்கேன்."
"எங்க?"
"பைபிளுக்குள்ள."
வீட்டில் நனையாத இடம்
அது ஒன்றுதான் இருந்தது.

அவள் தூங்கியபின் எடுக்கப் போனேன்.
வெளிச்சமில்லை. எந்தப் பக்கம் விரிந்ததோ தெரியாது.
வசனம் கிடைத்தது என்று
ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொல்ல
என்னிடம் ஒன்றுமில்லை.
ஈரத் தரையில் முழங்காலிட்டேன்.
பதினெட்டு வருஷப் பழக்கம்,
வாயில் வந்தது இதுதான்:
லைன் கிளியரா?

அந்தப் பக்கம் ஒரு கொரகொரப்புகூட இல்லை.
கெடிலத்துத் தவளைகள் மட்டும்.
கேட்ட இடத்தில் ஒருவர் இருக்கிறார்
என்று வைத்துக்கொண்டேன்.
இல்லை, வைத்துக்கொள்ளவில்லை.
இருக்கிறார்.
இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது.
அவரிடமும் டீயைச் சொன்னேன்.
இஞ்சி வரைக்கும்.

காலையில் முதலில் நடந்தேன், தெரு முழுக்க.
ஜெனரேட்டர் இருக்கிற மூன்று இடத்திலும் நின்று
மெயினை இறக்கச் சொன்னேன்.
ஐஸ் கம்பெனிக்காரர் முணுமுணுத்தார்,
இறக்குகிற வரைக்கும் நகரவில்லை.
கம்பத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் மாட்டினேன். நானே.
இழுத்துப் பார்த்தேன். திரும்ப இழுத்துப் பார்த்தேன்.
"ஆண்டவர் பாத்துக்குவார்னு சொல்ற ஆளு,
எதுக்குண்ணே இவ்வளவு?"
ஒப்பந்தக்காரப் பையன் நெடுமாறன் சிரித்தான்.
அவரைப் பரீட்சை பார்க்கவா நான் வந்திருக்கிறேன்?
லாரியில் மிச்சமிருந்தது பரசுவின் பெல்ட்.
என் இடுப்புக்கு ஒரு துளை தள்ளிக் கட்ட வேண்டியிருந்தது.

லீவு லெட்டர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
கிழிக்கவில்லை. வியர்வையில் ஊறட்டும்.

ஏறினேன்.
முழங்கால் வெடவெடத்தது.
பயமும் கூடவே ஏறியது.
பெல்ட் ஒன்றுதான்.
நான் கட்டிக்கொண்டேன்.

மேலேயிருந்து பார்த்தால் கடல் இன்னும் கலங்கல்தான்.
ஆறு தனக்கென்று புது வாய் வெட்டியிருந்தது.
யார் வீட்டுக் கூரைமேலோ ஒரு படகு,
தன் பெயரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு.
கீழே ஒரு பொடியன் கத்தினான்:
"அண்ணே, சாயந்திரத்துக்குள்ள டிவி வருமா?"
"வரும்டா" என்றேன்.
என் குரல் எனக்கே சத்தமாய்க் கேட்டது.
கை ஆடிக்கொண்டேதான் ஜம்பரை முறுக்கியது.

சாயந்திரம் பரசு வீட்டுக்குப் போக வேண்டும்.
அந்தக் கம்பத்துக்கு எல்.சி. தருகிறவர் யாருமில்லை.
பெல்ட்டைக் கையில் எடுத்துப் போவேன்.
அவன் மகள்தான் கதவைத் திறப்பாள்.
உள்ளே கூப்பிட்டு,
உட்காரச் சொல்லி,
டீ போடட்டுமா என்று
கேட்பதற்குள்
சொல்லிவிட வேண்டும்.