ஸ்லோமோஷன்

ஹம்சவேணி அனுப்பிய காணொளியில் சத்தம் இல்லை.
வேண்டுமென்றே எடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள்.
முத்தியால்பேட்டையில் அவள் ஒத்திகை பார்க்கும்
பழைய அரிசிக் கிடங்குக்குப் பக்கத்தில் கிரில் பட்டறை.
அந்த இரைச்சல் என் ஜாஸுக்குள் வந்துவிடக் கூடாதாம்.

வந்தால்தான் என்ன?
பதினெட்டு வருடமாக ஓட்டல் மொட்டைமாடியில்
முள்கரண்டிகளுக்கு மேலாகப் பியானோ வாசிப்பவன் நான்.

நான்கு உடல்கள். தரையில் ஒட்டுப்பலகை.
நடுவில் அவள் விழுகிறாள்.
பொத்தென்று அல்ல:
முதலில் கழுத்து சம்மதிக்கிறது,
பிறகு வலது தோள்,
இடுப்பு கொஞ்சம் வாக்குவாதம் செய்கிறது,
கடைசியில்தான் முழங்கால்.
இதற்கு எத்தனை தட்டு?
பதினொன்று என்று எண்ணினேன்.
மறுநாள் பதின்மூன்று.
அதற்கடுத்த நாள் எண்ணிக்கை விட்டுப்போய்
தேநீர் போட எழுந்து போனேன்.

மூன்று வாரம்.
குருசுக்குப்பத்தில் கடலுக்கு மணல் இல்லை, கருங்கல்தான்.
அலை அறைந்து ஓய்ந்தபின்
கல்லிடுக்குகளில் தண்ணீர் இறங்கும் சத்தம்
சற்றுத் தாமதமாக, சோம்பலாக வரும்.
அந்தத் தாமதத்தைத் திருடி இடது கைக்குக் கொடுத்தேன்.
வலது கைக்கு ஒன்பது சுரம் இருந்தது.
எதிர்த் திடலில் பெத்தாங்க் ஆடுகிறவர்களின்
இரும்புக் குண்டு டக்கென்று மோதும்போதெல்லாம்
ஒன்றை அழித்தேன்.
நாலு மிஞ்சியது.

டிரம்பெட்டுக்கு இன்னாசிமுத்து,
நெல்லித்தோப்பில் அடக்கத்துக்கு வாசிக்கும் பாண்டுக்காரர்.
பெட்டி தூக்கிப் போகிறவர்களின் நடையைவிட
வேகமாக ஊத அவருக்கு அவசியம் வந்ததில்லை.
தாளைப் பார்த்தார்.
"நம்ம வேகம்தான் சார்."
எனக்கு மகிழ்ச்சி. கொஞ்சம் கலக்கமும்.

கிடங்கில் முதல் நாள்.
நான் இரண்டாவது வரியைத் தொடுவதற்குள்
அவள் விழுந்து, எழுந்து,
தண்ணீர் குடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.
என் இசையில் அவள் கழுத்து
இன்னும் சம்மதிக்கவே இல்லை.

தெரேசின் என் போனை வாங்கிப் பார்த்தாள்.
நால்வரில் சின்னவள். படம் பிடித்தவளும் அவள்தான்.
"அய்யோ அக்கா, இது ஸ்லோமோஷன்ல எடுத்தது."

பட்டறையில் யாரோ இரும்பு அறுத்தார்கள்.
நீண்ட நேரம்.

நவீன நடனம் என்றால் இப்படித்தான் நகரும் என்று
நம்பித் தொலைத்திருக்கிறேன்.
மூன்று வாரமாக நான் இசையமைத்தது இல்லாத ஒருத்திக்கு,
புவியீர்ப்பு கால்வாசியே உள்ள ஏதோ ஊரில்
குடியிருக்கும் ஒருத்திக்கு.

பென்சில் எடுத்தேன். வேகம் நான்கு மடங்கு என்று
மேலே எழுதிவிட்டால் தீர்ந்தது.
இன்னாசிமுத்து உதட்டைத் துடைத்துக்கொண்டார்:
"ஓடிக்கிட்டே யாரையும் அடக்கம் பண்ண முடியாது சார்."

வேணி சிரிக்கவில்லை.
"அழிக்காதீங்க கஸ்பார்.
நான் என் வேகத்துல விழுறேன்.
நீங்க உங்க வேகத்துல வாங்க."

விழுந்தாள், மூன்று எண்ணுவதற்குள்.
பலகையில் கிடந்தாள்.
அப்புறம்தான் என் முதல் சுரம்
அவள் கழுத்தைத் தேடி வந்தது.
நடந்து முடிந்த ஒன்றை
டிரம்பெட் ஒவ்வொரு எலும்பாக விசாரித்தது.
அது முழங்காலுக்கு வந்தபோது
அவள் அடுத்த விழுதலில் இருந்தாள்.
நான் யாருக்கு வாசிக்கிறேன்?
தரையில் அவள் விட்டுப்போன
வியர்வைத் தடத்துக்கு என்று
அப்போதைக்கு வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நிகழ்ச்சி.
நடுவில் ஓரிடத்தில் மட்டும் இன்னமும்
அவள் குதிகாலும் என் இடது கையும்
ஒரே நேரத்தில் இறங்கிவிடுகின்றன.
நான் எழுதியதில்லை அது, அவளும் அமைத்ததில்லை.
ஒவ்வொரு முறையும் இருவருமே
கொஞ்சம் திடுக்கிடுகிறோம்.

தெரேசின் பட்டறைக்குப் போய்
சனிக்கிழமை சாயங்காலம் வேலை உண்டா என்று கேட்டு வந்தாள்.
உண்டாம். எட்டு மணி வரை.
நிறுத்தச் சொல்லவா என்றாள்.

வேண்டாம் என்றோம்,
நானும் வேணியும்,
அவரவர் வேகத்தில்.