உடன் வருபவர்

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி.
உடன் வருபவர் பெயர், உறவு, கைபேசி எண்.
ஐசி எண்ணை மூச்சுவிடாமல் எழுதிய கை
அங்கே வந்து நின்றுவிட்டது.

பாடாங் செராயில் ஒரு புதன்கிழமை
கையில் காரும் இருந்து
வேலைக்கும் போகாத ஆள்
எனக்குத் தெரிந்து ஒருத்திதான்.
தனலெட்சுமி.
என்னை விட்டுப் போனவரின் அக்கா.
காக்காக் இப்பார் என்று எழுதினேன், அடித்தேன்,
தோழி என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.
தாதி சிரிக்காமல்
வேறு தாள் கொடுத்தாள்.

எக்ஸ்ரேயில் பார்த்தேன்:
தாடையின் இரண்டு பக்கமும்
கடைசிப் பற்கள் குறுக்கே சாய்ந்து கிடந்தன,
மண்சாலை வளைவில் கவிழ்ந்த
செம்பனைக் குலை லாரிகளைப்போல.

ஆலை எடைமேடையில் எனக்குப் பன்னிரண்டு வருடம்.
வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை
நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பியதில்லை.
பயத்தையும் நிறுத்தேன்.
ஊசி பெரிதாக ஒன்றுமில்லை. வலி, பார்த்துக்கொள்ளலாம்.
இரண்டாம் வகுப்பில்
பள்ளித் திடலுக்கு வந்த பல் வண்டிக்குள்
என் தலையை அழுத்திப் பிடித்த நாலு கைகள்
இன்னமும் கனம்தான்.
ஆனால் முள் சாய்ந்தது வேறு பக்கம்.

"தூங்க மாட்டீங்க, பேசுவீங்க,
பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது"
என்றார் டாக்டர் நூருல்.
ஆறுதலாகத்தான் சொன்னார்.

பேசுவேனா?
ஒன்பது வருடம் முன்பு, மழையில்
வேலிக் கதவருகே வந்து நின்றவருக்கு
அவர் அம்மாவின் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன்.
அவர் கேட்டார், கொடுத்தேன், அவ்வளவுதான்.
எல்லாரிடமும் தொலைந்துவிட்டது என்றேன்.
தனலெட்சுமி அன்று
என் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.
வார்த்தை ஒன்றும் வரவில்லை.
பிறகு தீபாவளிக்கு முறுக்கு வந்தது,
அவள் வரவில்லை.

திங்கள் மதியம் கிளினிக்குக்குப் போய்
சும்மா அந்த நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டேன்.
விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.
பத்து நிமிடம்
குளிரூட்டியின் சத்தத்தோடு படுத்திருந்தேன்.
கூரையில் ஓர் ஈரக்கறை, பினாங்குத் தீவைப்போல.
புதன்கிழமை அதைப் பார்க்கலாம் என்று
மனதில் குறித்துக்கொண்டேன்.
தெரிந்த ஒரு பொருளாவது இருக்கட்டும்.

புதன்.
நள்ளிரவிலிருந்து தண்ணீரும் இல்லை.
வளையலைக் கழற்றினேன்,
ஒரு விரல் நகப்பூச்சை மட்டும் அழித்தேன்,
அந்த விரலைக் கருவி கவ்விக்கொண்டது.
தனலெட்சுமி என் கைப்பையை
மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்,
அது ஓடிவிடும் என்பதுபோல.
"வேணாம்னா கைய தூக்கு, நிறுத்திடுவாங்க" என்றாள்.
நிறுத்திவிடுவார்கள்.
நாலு கைகளிடம் அப்படிச் சொல்ல
அன்று யாரும் இல்லை.
பினாங்குத் தீவைத் தேடினேன். இருந்தது.
கையில் குளிர் ஏறியது.

பிறகு கார்.
நடுவில் இருந்தது எங்கே போயிற்று?
வாய் நிறையப் பஞ்சு, உதடு யாருடையதோ.
ஒவ்வொரு மேட்டிலும் ஊர்ந்து ஏறி இறங்கினாள்,
பின்னால் ஹாரன் அடித்தவனுக்குக்
கண்ணாடியில் ஒரு முறைப்பு.
"லாரி நம்பரா சொன்ன.
முன்னுக்கு வா, இன்னும் முன்னுக்கு வான்னு.
டாக்டரே ஒரு எட்டு நகர்ந்து நின்னாங்க."

சிரிப்பு வந்தது, பஞ்சுக்குள்ளேயே.
உடம்பு முழுக்க இருந்த ஒரு முடிச்சு
முதுகு வழியாக இறங்கிப் போனது.

கடையில் நிறுத்தி ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள்.
என் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள்.
சாலையைப் பார்த்தபடி,
கியரில் கை வைத்தபடி சொன்னாள்:
"அந்தச் சங்கிலி எனக்கு எப்பவும் புடிச்சதில்ல."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அரை மணி நேரம்
பஞ்சைக் கடித்தபடி
பேசாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.
ஆலைப் புகை வாசனை காருக்குள் வந்தது.
கடித்துக்கொண்டேன்.