எந்த அட்டை

மூன்று கிழமையாய்த் தும்மினாள் டொபி.
முதலில் சிரித்தோம்.
பிறகு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம்,
சொட்டாக, விட்டுவிட்டு,
இஸ்தோப்புச் சீமெந்தில்
யாரோ வெற்றிலை துப்பிவிட்டுப் போனது போல.

தலையை உதறினாள்.
முன்னங்காலால் மூக்கை அடித்துக்கொண்டாள்.
கட்டிலுக்கடியில், விறகுக்குப் பின்னால்,
இருட்டு எங்கே இருந்ததோ அங்கே போய்ப் படுத்தாள்.
சோற்றில் கருவாட்டுத் தலை வைத்தும் வரவில்லை.

புதன்கிழமை பீலிக்கரையில் முடிவாகிவிட்டது:
விசர்.
வாயில் நுரை கண்டதாக ஆறாம் காம்பரா.
நுரையில் இரத்தம் கண்டதாகப் பத்தாம் காம்பரா.
பேச்சு கொழுந்து மடுவத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்
அவள் இரண்டு பிள்ளைகளைக் கடித்திருந்தாள்.
அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் மட்டும் இல்லை.

சந்தனசாமி கவ்வாத்துக் கத்தியோடு வந்தார்.
கெட்டவர் இல்லை.
அவர் தங்கச்சி எட்டு வயதில்
தண்ணீரைக் கண்டு அலறிச் செத்தவள்.
அதைச் சொல்லவில்லை அவர்.
கத்தியை வாசலில் வைத்துவிட்டு,
"நீ செய்றியா, நான் செய்யவா?" என்று மட்டும் கேட்டார்.

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன்.
அடகுச் சீட்டு, பழைய படங்கள்,
அம்மாவின் சேமலாபக் கடிதம்,
கடைசியில், மடிப்பில் கிழிந்து,
அவளுடைய ஊசி அட்டை.
ஆவணி மாதம். பாடசாலை மைதானம். நீல மையில் கையெழுத்து.
அன்று அந்த வரிசையில் நின்றதற்கு
அரைப்பேர்தான் போட்டார்கள் எனக்கு.

டொக்டர் நிலூஷா போனில், உடைந்த தமிழில்:
"அட்டை கையில இருக்கா? நல்லது.
ரத்தம் ஒரு மூக்கா, ரெண்டு மூக்கா?
ஓடையில குடிக்கிற நாயா?
வாய்ப்பக்கம் கை வைக்க வேணாம்.
நாளைக்குப் பின்னேரம் வாறன், வேன் இருந்தா.
அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க."

ஒரு சொட்டு.
அக்கரபத்தனையில், மழை ஓயாத அந்தக் கிழமையில்,
தகரமெல்லாம் தண்ணீர் ஓட,
அவளை உள்ளே கட்டினேன்.
தரையைத் துடைத்தேன்.
நக்கிவிடுவாள் என்று
குடையைக்கூட வெளியில் போட்டேன்.
ராத்திரி அவள் குடத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகு குடத்தை.
விடியும்வரை நானும் குடிக்கவில்லை;
அதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

வேன் நாலரைக்கு வந்தது.
டொக்டர் கையுறை போட்டார்,
டோர்ச் பிடிக்கச் சொன்னார்,
வெள்ளை பேசின் ஒன்றில் பச்சைத்தண்ணீர் கேட்டார்.
சந்தனசாமி பத்தடி தள்ளி நின்றார்.
அவருக்குப் பின்னால் லயமே நின்றது.
பேசினை வைத்தேன்.

முகம் முழுக்க விழுந்து குடித்தாள்.
அந்தச் சத்தம் அத்தனை பேருக்கும் கேட்டது.
"குடிக்குது" என்றார் சந்தனசாமி,
எங்களில் யாருக்கும் இல்லை,
நாற்பது வருசம் அந்தப் பக்கம்
நிற்கிற யாருக்கோ.

அப்போதுதான் இடது மூக்கிலிருந்து
இன்னொரு நாக்கு நீண்டது.
கறுப்பு. வழவழப்பு.
தண்ணீரின் வாசம் பிடித்து
இப்படியும் அப்படியும் தேடியது.
அதற்கும் தாகம்.

கிடுக்கி பிடித்துக்கொண்டது.
வெடுக்கென்று இழுக்கவில்லை டொக்டர்.
"ஹெமீன், ஹெமீன்" என்றார்,
நாயிடமா அதனிடமா தெரியவில்லை.
வந்து விழுந்தது போத்தலுக்குள்,
என் நாயை மூன்று கிழமை குடித்து வளர்ந்த
என் சுண்டுவிரல் நீளம்.

"அட்டைதான்டா" என்றேன், எட்டிப் பார்த்த பிள்ளைகளிடம்.
"எந்த அட்டை?" என்றான் ஒருவன்,
நேற்று டின்னைக் கவிழ்த்தபோதும்
வாசலில் நின்றவன்.

கத்தியை எடுத்துக்கொண்டு
சந்தனசாமி ஒன்றும் பேசாமல் நடந்தார்.

டொபி தும்முவதில்லை இப்போது.
ஆனால் நான் பார்க்கத் தண்ணீர் குடிப்பதும் இல்லை.
பேசினை வைத்துவிட்டு
வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.
தூறலில் நின்று கேட்கிறேன்.
கொஞ்ச நேரம் எதுவும் இல்லை.
பிறகு சளக், சளக்.